ஐஸ் பெட்டிக்காரி மகளுக்கு ஒரு கேமரா

ஜூலை 19, சனி

வெட்கத்தை விட்டு ஒன்றை எழுதிவிடுகிறேன். இன்று மதுரையில் ஒரு கேமரா கடையில், உள்ளே ஒன்றுமே இல்லாத கேமராவுக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். சும்மா நிற்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டு, மூக்குத்தி தெரிகிற பக்கமாக முகத்தைத் திருப்பி, பல் தெரியாமல் அழகாகச் சிரித்து நின்றேன். கடைப்பையன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டியதை, படம் எடுக்கிறான் என்று நினைத்துவிட்டேன். எடுத்ததைக் காட்டு தம்பி என்றதும், இது கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைக்கிற காலிக் கூடு என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மகள் இலக்கியா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

இந்த டைரி பூமாலைக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுப்பது. இதுவரை இதன் மேல் தோசைக்கல்லைத்தான் வைத்திருந்தேன். போன வாரம் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிரஷர் ஏறிக் கிடக்கிறது, கோபம் வந்தால் யாரையும் திட்டாதீர்கள், எழுதுங்கள் என்றார். நான் அஞ்சாம் வகுப்பு வரை போனவள், திட்டுகிற வேகத்துக்கு என் கை வராதே என்றேன். அதுதான் மருந்து என்று சொல்லிவிட்டார்.

எங்களுக்குத் தேவகோட்டையில் ஐஸ் பெட்டி வாடகைத் தொழில். ஒரு வீட்டில் உயிர் போனால், பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து சேருகிற வரைக்கும் கெடாமல் வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி. பெட்டி இரண்டு, வண்டி ஒன்று. வண்டியை ஓட்டுவது என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன். பேசுவது நான்.

இலக்கியா காரைக்குடியில் காலேஜில் படம் எடுக்கிற படிப்பு, இரண்டாம் வருஷம். இந்தப் பருவத்துக்குத் தனியாக ஒரு பத்து நிமிஷப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் கொடுக்கவில்லை என்றால் அந்தப் பாடம் போச்சு. அதற்குத்தான் கேமரா. போட்டோ எடுத்தால் மட்டும் போதாது, வீடியோவும் எடுக்க வேண்டும்.

மிக்சி வாங்குவது மாதிரி இருக்கும் என்று போனேன். மிக்சியில் ஜாரும் மூடியும் சேர்ந்து வரும். இங்கே உடம்பு தனி, லென்ஸ் தனி, கார்டு தனி, பை தனி. சத்தம் தெளிவாக விழ வேண்டுமானால் மைக் தனி. கண்ணையும் காதையும் பிய்த்துப் பிய்த்து விற்கிற கடையை இன்றுதான் பார்க்கிறேன். பையன் கேட்டானே ஒரு கேள்வி.

“பாடி மட்டும் போதுமா, லென்ஸோட வேணுமா மேடம்?”

“பாடி எங்ககிட்டயே வாரத்துக்கு ரெண்டு வருது தம்பி. நீ கண்ண மட்டும் குடு.”

இலக்கியா என் கையைக் கிள்ளினாள். என்ன தொழில் என்று பையன் கேட்டான். சொன்னேன். அதற்குப் பிறகு அவன் எந்தக் கேமராவையும் என் கையில் கொடுக்கவில்லை. மேஜை மேல் வைத்து ஒரு விரலால் தள்ளிவிட்டான்.

எங்கள் கையில் இருப்பது முப்பதாயிரம் என்றாள் இலக்கியா. அந்த விலைக்கு நல்ல போனாக வாங்கிக்கொள்ளலாமே என்றான். படிக்கிற பிள்ளைக்கு அவன் சொல்கிற யோசனை அது. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவனை மனசுக்குள் திட்டினேன். அது திட்டுக் கணக்கில் வராது.

ஜூலை 20, ஞாயிறு

இன்று யாரையும் திட்டவில்லை. சிலிண்டர்காரன் வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கேமரா எதற்குத் தனியாக வேண்டும் என்று இன்று கேட்டேன். போன பருவம் முழுக்க ஹர்ஷிதா என்று ஒரு பிள்ளையின் கேமராவில்தான் இவளும் எடுத்தாள். இந்தத் தடவையும் அப்படியே செய்வதாகப் பேச்சு. இப்போது கிடையாது என்று ஹர்ஷிதா சொல்லிவிட்டாளாம். ஏன் என்றால், “அவுக வீட்டுல வெளிய குடுக்க வேணாங்கறாகளாம்” என்கிறாள்.

கஞ்சப் பிறவிகள். பார்த்தால் அப்படித் தெரியாது. சின்னக் கார் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இந்த மாதத் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தேன். முன் கொட்டகையில் பெட்டி மேல் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தோம். ஏதோ பெஞ்சு என்று நினைத்து அதில் ஏறி உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைப் பாதி குடித்துவிட்டது. பிள்ளையைக் கொஞ்சம் சிரிக்க வைப்போமே என்று, “அதுல யாரும் உக்கார மாட்டாக கண்ணு, படுக்கத்தான் செய்வாக” என்றேன். என் வீட்டுக்காரரே சிரித்தார். அவர் சிரிப்பது லேசில் நடக்கிற காரியமா. பிள்ளை மீதி டீயைக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டது.

ஒரு கேமராவைப் பத்து நாள் கொடுக்க மனசு வராதவளோடு என்ன சினேகிதம். அந்த டீயில் ஏலக்காய் வேறு தட்டிப் போட்டிருந்தேன்.

ஜூலை 24, வியாழன்

என் தம்பி கதிரேசனைப் பார்க்கப் போனேன். அவனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாண ஸ்டுடியோ. ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை. கேமரா நாலும் பீரோவுக்குள் தூங்குகிறது. எங்கள் தொழிலுக்கு ஆடியும் கிடையாது, தையும் கிடையாது. அவனுக்கு ஆடியில் ஈ ஓட்டுவதுதான் வேலை.

ஒரு கேமராவை இந்த ஆடி முடிகிற வரைக்கும் மருமகளுக்குக் கொடு என்றேன். காபி வாங்கிவரச் சொன்னான். மின்விசிறியைக் கூட்டிவைத்தான். மச்சான் சௌக்கியமா என்றான். பிறகு மெல்ல ஆரம்பித்தான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காத. தாலி கட்டுறத எடுக்குற கேமரா. அது உங்க வண்டியில ஏறி, உங்க வீட்டுல இருந்து...”

“சொல்லு. பாதியில நிறுத்தாத.”

“பார்ட்டிக்காரவுக கேள்விப்பட்டா என்னக்கா நினைப்பாக.”

“அப்பாவ மூணு நாளு பெட்டியில வச்சிருந்தமே, அப்ப மூலைக்கு மூலை நின்னு போட்டோ எடுத்தியே. அது எந்தக் கேமராடா?”

அவன் காபியைப் பார்த்தான். நான் குடிக்காமல் எழுந்தேன். வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து, இரவல் என்றால்தானே பிரச்சினை, தாய்மாமன் முறைக்குச் சொந்தமாகவே ஒன்று தருகிறேன், பழசுதான், ஆனால் நல்லது, ஆடிப்பெருக்கு அன்று தட்டில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்றான். எனக்குக் கொஞ்சம் கண் கலங்கிவிட்டது. அதற்காக என் மேலேயே கோபம் வந்தது. திரும்பிப் போய் அந்தக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 26, சனி

இலக்கியாவைக் காலையில் வண்டியில் கொண்டுபோய் விட்டோம். இன்றைக்கும் காலேஜுக்கு இரண்டு தெரு முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். நடந்தால் உடம்புக்கு நல்லதாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

கதிரேசன் பெண்சாதியோடு வந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் கறுப்புப் பையில் கேமரா. பைக்குக் குங்குமப் பொட்டு. எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, புளிச்சோறு எல்லாம் செய்திருந்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

இலக்கியா கேமராவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்தாள். பிறகு, ரொம்ப தேங்க்ஸ் மாமா என்றாள். மாமனுக்கு இன்னொரு கரண்டி தேங்காய்ச் சோறு வைத்தாள். அவ்வளவு பொறுப்பாக அவள் பரிமாறி நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அந்தக் கேமராவில் வீடியோ கிடையாது.

இன்று சாயங்காலம் நான் தலை சீவி, வேறு சேலை மாற்றி, எங்கே என்னை நடந்துவரச் சொல்லி ஒரு வீடியோ எடு பார்ப்போம் என்று கொட்டகையில் நின்றேன். இது போட்டோ மட்டும்தான் எடுக்கும்மா, ரொம்பப் பழைய மாடல், வீடியோ வர்றதுக்கு முந்தினது என்றாள். நேற்றே தெரியுமா என்றேன். கையில் வாங்கினதுமே தெரியும் என்றாள்.

“அப்ப என்னத்துக்குடி அவனுக்குச் சோத்த அள்ளி அள்ளி வச்ச?”

“நீ சந்தோஷமா இருந்தம்மா.”

எழுத முடியவில்லை. பேனா தாளைக் கிழிக்கிறது. டாக்டர் சொன்ன மருந்து இதற்குப் பத்தாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று வண்டியைக் கதிரேசன் ஸ்டுடியோ வாசலில் நிறுத்தினேன்.

வேறு ஒன்றும் செய்யவில்லை. கத்தவில்லை, திட்டவில்லை. டாக்டர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. என் வீட்டுக்காரரிடம் இங்கே நிறுத்துங்கள் என்றேன், நிறுத்தினார். எதற்கு என்று கேட்காத மனுஷன். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனவர் சாயங்காலம்தான் வந்தார். வண்டியின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் என் பெயரைப் போட்டு ‘பஞ்சவர்ணம் ஐஸ் பெட்டி, இரவு பகல் எந்நேரமும்’ என்று இருக்கிறதல்லவா, அந்தப் பக்கம் தெருவைப் பார்த்து இருந்தது. பின்கதவைத் திறந்து வைத்தேன். பெட்டிக்குக் காற்று வேண்டும். நான் முன்சீட்டில் உட்கார்ந்து கடலை உரித்தேன்.

முதலில் சைக்கிளில் போனவர் ஒருவர் இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போனார். எதிர்த்த தையல்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். ஆவணி முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்தது. இறங்கி, வண்டியைப் பார்த்து, ஒருவர் காதில் ஒருவர் பேசி, அதே ஆட்டோவில் ஏறிவிட்டது. மத்தியானம் காரைக்குடியிலிருந்து ஆல்பம் ஒட்டிக் கொடுக்கிறவர் ரோஜா மாலையோடு வந்து சேர்ந்தார். யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எப்ப ஆச்சு என்று என்னிடம்தான் கேட்டார்.

“நேத்துத்தான் தெரிஞ்சுச்சு. மத்ததெல்லாம் வேலை செய்யுது, வீடியோ மட்டும் வரல.”

அவருக்கு அது விளங்கவில்லை. மாலையை வண்டியில் வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே கதிரேசன் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவர் போட்ட சத்தம் வெளியே கேட்டது.

கதிரேசன் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தான்.

“அக்கா, வண்டிய எடு. உன் கால்ல வேணும்னாலும் விழுறேன்.”

“விழு. விழுந்தா பெட்டி ரெடியா இருக்கு.”

“அது வீடியோ எடுக்காதுன்னு எனக்கே மறந்துபோச்சுக்கா.”

“தாய்மாமன் சீருன்னு பொட்டு வச்சுக் கொண்டாந்தியே, அது மறக்கலயே.”

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போய் இன்னொரு கேமரா கொண்டுவந்தான். வீடியோ எடுக்கிறது. அவன் ஸ்டுடியோ ஆள் இரண்டு வருஷம் வைத்து எடுத்தது, லென்ஸோடு. சும்மாவே எடுத்துக்கொள் என்றான். வெளியே விற்றால் என்ன வருமோ அதைச் சொல் என்றேன். இருபத்திரண்டு என்றான். பணத்தை வீட்டில் வந்து வாங்கிக்கொள் என்றேன். முறை என்று சொல்லி உதவாத பழசைத் தட்டில் வைக்கிறவனிடம் சும்மா வாங்கினால் நாளைக்கு என் சாவுக்கும் பழைய மாலையைத்தான் கொண்டுவருவான்.

கிளம்பும்போது, ஈரக்காற்று பட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும், காற்றுப் புகாமல் மூடுகிற கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கி அதில் வைக்கச் சொல் என்றான். கண்ணாடிப் பெட்டியாம். யாரிடம் வந்து சொல்கிறான் பாருங்கள்.

ஆல்பக்காரரின் மாலை நல்ல மாலை. வீணாக்கவில்லை. சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் பெட்டியோடு போயிற்று.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கேமரா வந்து மூன்று நாளாகிறது. இலக்கியா என்னோடு பேசவில்லை. ஸ்டுடியோ வாசலில் நான் கடலை உரிக்கிறதை யாரோ போனில் வீடியோ எடுத்து, பாட்டு ஒன்றைச் சேர்த்து, ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். காலேஜுக்கும் போய்விட்டதாம். ஓசியில் என்னை வீடியோ எடுக்க ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள். இது தெரியாமல் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

சொன்னேன், சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

என்ன படம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். ஒண்ணுமில்ல என்றாள். கோயில் குளத்தை எடேன், நல்ல வெளிச்சம் விழும் என்றேன். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எடுக்கிறார்களாம். கேமரா பையை விட்டு வெளியே வரவில்லை. இதற்குத்தான் நான் தெருவில் உட்கார்ந்தேனா?

ஆகஸ்ட் 14, வியாழன்

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஹர்ஷிதா வீட்டாரை நாலு வார்த்தை கேட்டேன். கேமராவைப் பூட்டி வைத்து என்ன வாழப் போகிறார்களோ என்று. எழுதத்தான் சொன்னார் டாக்டர், கை ஈரம், வாயால் சொல்லிவிட்டேன். இலக்கியா வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

“அவுக கஞ்சம் இல்லம்மா. அன்னைக்கு நீ அவகிட்ட சொன்னியே, அது உனக்கு ஜோக்கு. அவ வீட்டுக்குப் போயி ரெண்டு தடவ தலைக்குக் குளிச்சா. அவுக அம்மா அவ போட்டுருந்த சுடிதாரையே தூக்கிப் போட்டாக. கேமரா நம்ம வீட்டுக்கு வரக்கூடாதுன்னுட்டாக. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

குக்கரின் அடி நன்றாகப் பிடித்திருந்தது. தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். இப்போதெல்லாம் கடையில் விற்கிற குக்கரே சரியில்லை. எதைப் போட்டாலும் அடிப்பிடிக்கிறது. ரொம்ப நேரம் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு எல்லார் மேலும் கோபம். யார் மேல் என்று தனித்தனியாக எழுத இடம் பத்தாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வண்டியின் பக்கவாட்டில் என் பழைய நீலச் சேலையைக் கட்டினேன். வெயிலில் பெயிண்டு வெளிறிப்போகிறது, அதற்காக. சிவப்பு எழுத்துக்குத்தான் வெயில் ஆகாது. ஆகவே எழுத்து மறைகிற மாதிரி கட்ட வேண்டியதாயிற்று. ஓரத்தை இழுத்துச் சக்கரத்துக்கு மேலே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் திரும்பினால் இலக்கியா கேமராவைக் கண்ணில் வைத்து நிற்கிறாள்.

எப்போது வந்தாள், எவ்வளவு நேரம் எடுத்தாள் என்று தெரியாது. நான் நைட்டி மேல் துண்டு, தலை சீவவில்லை. அன்று தலை சீவி நின்றபோது வீடியோ வரவில்லை. இன்று வருகிறது. கோபத்தில் துண்டை எறிந்தேன். அதையும் எடுத்தாள்.

“அவுத்துரும்மா சேலைய. எழுத்துத் தெரியட்டும். இன்னொரு தடவ எடுக்கணும்.”

கட்டி முடிப்பதற்குள் அவிழ்க்கச் சொல்கிறாள். நான் என்ன, சினிமாவில் நடிக்கிறவளா? அவிழ்த்தேன். அடுத்த வீட்டுக்குப் போகும்போது நானும் வரலாமா என்று கேட்டாள். சாவு வீட்டுக்கு எவளாவது அனுமதி கேட்டு வருவாளா. வா என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று ஒரு ஆச்சி. பிள்ளைகள் துபாயில். மருமகளிடம் இலக்கியாவே பேசினாள். ஆச்சியை எடுக்க மாட்டேன், அழுகிறவர்களையும் எடுக்க மாட்டேன், எங்கள் அம்மா வேலை செய்வதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று. அந்தம்மா சரி என்றுவிட்டாள்.

என் வேலையில் என்ன இருக்கிறது எடுப்பதற்கு. போனதும் பிளக் எங்கே என்று பார்ப்பேன். பெட்டியை மட்டமாக வைத்து, காலுக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணிச் சுருளைக் கொடுப்பேன், பாதம் சரியாமல் இருக்க. மூடியை மூடுவேன். அதற்குப் பிறகு வீட்டுக்காரர்களிடம் ஒரே ஒரு சட்டம்தான்: கடைசி ஆள் வந்து சேருகிற வரைக்கும் யார் சொன்னாலும் மூடியைத் திறக்கக் கூடாது. பெற்ற பிள்ளையானாலும், போலீசே வந்தாலும் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். திறந்தால் குளிர் போய்விடும், போனால் திரும்பி ஏற நேரமாகும். இதில் நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பிறகு அழுகிறவர்களின் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் புகை படியும், அதைத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு அம்மா மூடி மேல் விழுந்து அழுதாள். “அழுங்க ஆத்தா, நல்லா அழுங்க. மூடியில மட்டும் சாயாதீக. ரப்பரு விலகுச்சுன்னா ஆச்சிக்கு வேர்த்துப்போகும்” என்றேன். அழுகைக்கு நடுவில் அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டுக் காபி வாங்கிக் குடித்தாள்.

இலக்கியா சுவரோரமாக நின்று எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை துடை என்றாள் ஒரு நேரம். துடைத்தேன். வருகிற வழியில் வண்டியில் கேமராவை மடியில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன். என் முகம் கண்ணாடியில் இரண்டாகத் தெரிந்தது. மூக்குத்தி இல்லாத பக்கம்.

மூக்குத்தி தெரிய எடுத்திருக்கலாமே என்று கோபித்துக்கொண்டேன். நீ துடைக்கிறப்போ அந்தப் பக்கம்தானேம்மா வெளிச்சம் என்றாள். முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் மூன்று முழு வாக்கியம் பேசியிருக்கிறாள் இன்று. நான் கோபமாகவே இருந்துகொண்டேன். சிரித்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கம்ப்யூட்டர் சென்டரில் படத்தை வெட்டி ஒட்டுகிறாள். சோறு எடுத்துப்போனேன். என்னை உள்ளே விடவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

படத்தைக் கொடுத்துவிட்டாள். வண்டியில்தான் போனோம். இரண்டு தெரு முன்னால் வழக்கம்போல என் வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

“ஏம்ப்பா இங்க நிறுத்துறீக? கேட்டுக்குப் போங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். காலேஜ் கேட்டில் வண்டியை நிறுத்தியதும் வாட்ச்மேன் பதறிப்போய் ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை, பிள்ளையை இறக்கிவிட வந்தோம் என்றேன். இலக்கியா இறங்கி, கதவைச் சாத்தி, மெதுவாகத்தான் உள்ளே போனாள். பிள்ளைகள் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வகுப்பில் படத்தைப் போட்டுக் காட்டினார்களாம். சார் என்ன சொன்னார் என்று கேட்டேன். படம் இருக்கட்டும், சத்தம் சரியில்லை, அடுத்த தடவை தனியாக மைக் வாங்கு என்றாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் வாங்கியாயிற்று, இனிக் காது வாங்க வேண்டுமாம். பாஸா பெயிலா, அதைச் சொல் என்றேன். பாஸ்தான் என்றாள். ஹர்ஷிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாளாம். படம் முடிந்ததும், உங்கம்மா நெசமாவே அப்படித்தான் பேசுவாங்களா என்று கேட்டாளாம். நீ என்ன சொன்னாய் என்றேன். வீட்டுக்கு வந்து டீ குடிச்சுப் பாரு, தெரியும்னு சொன்னேன் என்றாள்.

ஏலக்காய் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

சாயங்காலத்திலிருந்து நல்ல மழை. வீடு முழுக்க ஈரவாடை. கேமராவுக்குப் பூஞ்சை பிடித்தால் அந்தக் கதிரேசன் முகத்தில் மறுபடி முழிக்க வேண்டும். வெள்ளைத் துணியில் நன்றாகச் சுருட்டி, கொட்டகையில் இருக்கிற பழைய பெட்டிக்குள், கால் மாட்டில் ஓரமாக வைத்து மூடியை அழுத்தி மூடினேன். ஈ எறும்பு போகாது. சுவிட்சைப் போடவில்லை. எனக்கு அவ்வளவு விவரம் தெரியும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் நானும் இலக்கியாவும் மைக் விலை கேட்கக் காரைக்குடி போனோம். அநியாய விலை. கடைக்காரனைத் திட்டிவிட்டு மத்தியானம் திரும்பினோம். கொட்டகையில் பழைய பெட்டி இல்லை.

ராம்நகரில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டாராம். புதுப் பெட்டி ஏற்கெனவே வெளியே போயிருந்ததால் என் வீட்டுக்காரர் பழையதைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கால் மாட்டில் துணிச் சுருள் இருந்ததே என்றேன். ஆமாம், நீயே தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தாய், பாதத்துக்கு அளவாக இருந்தது என்றார்.

ராம்நகருக்குப் போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெரியவரின் இரண்டு பாதமும் அந்தச் சுருளின் மேல்தான் இருந்தன, சரியாமல். மூத்த மருமகளிடம் மெல்ல, மூடியை ஒரு நிமிஷம் திறக்கலாமா என்று கேட்டேன். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்க வீட்டுக்காரரு ரொம்பக் கண்டிப்பாச் சொல்லிட்டுப் போனாக, கடைசி ஆள் வர்ற வரைக்கும் யாரு சொன்னாலும் திறக்கக் கூடாதாம் என்றாள். சரிதான் என்றேன். புகை படிந்திருந்தது, துடைத்துவிட்டு வந்தேன்.

மலேசியாவில் இருக்கிற மகன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறார். கேமரா அதற்குப் பிறகு கிடைக்கும். குளிர் நாலு டிகிரியில் நிற்கிறது.